சலேத்தம்மாளின் வெப்ராளம்

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் வாயில் "வெப்ராளம்" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். வெளியூர்க்காரர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். சிலர் பொறாமை என்பார்கள், சிலர் துக்கம் என்பார்கள். மூன்றும் அதில் உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் அது வராது.

அது எங்கிருந்து பிறந்த சொல் என்று ஸ்ரீவைகுண்டத்துத் தமிழ்ப் பண்டிதர் சிவனணைந்தபெருமாள் பிள்ளையை ஒருமுறை கேட்டேன். வெப்பு என்றால் சூடு, காய்ச்சலுக்கும் அந்தப் பேர் உண்டு, முன்பாதி அதுவாக இருக்கலாம் என்றார். பின்பாதி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவரே, "சொல்லுக்குப் பொருள் தெரியணும்னா அதை அனுபவிச்சவங்களைப் போய்க் கேளுங்க" என்று சிரித்தார்.

அனுபவித்தவள் ஒருத்தி எங்கள் வீட்டு வாசலுக்கே தினமும் மீன்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். பெயர் சலேத்தம்மாள். அவளுடைய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சலேத்தம்மாளின் புருஷன் கயித்தான், சங்கு குளிப்பவன். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷங்களாகியிருந்தன. கடலடியில் மூச்சை அடக்கத் தெரிந்தவர்களுக்குச் சங்குதான் கதி. இடுப்பில் ஒரு கயிறு, காலடியில் ஒரு கல். கல்லோடு இறங்கி, சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். வள்ளத்தில் நிற்பவன் உடனே இழுக்க வேண்டும். அலையும் கயிற்றை ஆட்டும், நீரோட்டமும் ஆட்டும். எது அலை, எது ஆள் என்பதைக் கண் சொல்லாது. உள்ளங்கைதான் சொல்லும்.

அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்பதற்குக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூடப் பிறந்தவன் கையில் கொடுப்பதில்லை. அவன் பங்காளி, நாளைக்குப் பாகம் பிரிக்கிறவன். மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள். தன் தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருப்பான்?

கல்யாணமான நாளிலிருந்து கயித்தானுக்குக் கயிறு பிடித்தவன் சலேத்தம்மாளின் அண்ணன் தொம்மை. பெண்சாதியைப் பறிகொடுத்துத் தனியாக இருந்தவன். தங்கை வீட்டில்தான் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு.

யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் சங்குக் காலத்தில், கயித்தானை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடத்தினார்கள். மூக்கிலும் காதிலும் இரத்தம். கீழேயிருந்து கயிற்றை அசைத்து அசைத்து ஓய்ந்த பிறகுதான் மேலே இழுத்தார்களாம். பக்கத்து வள்ளத்துக்காரன் குமிழியைப் பார்த்துக் கத்தியிராவிட்டால் பிணமாகத்தான் வந்திருப்பானாம்.

மாதா புண்ணியத்தில் உயிர் தப்பினான். ஆனால் படுக்கையை விட்டு எழுந்து மறுபடி கடலுக்குப் போன அன்று அவன் செய்த காரியத்தில் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது. தொம்மை வழக்கம்போல் வள்ளத்தருகே வந்து நிற்க, கயித்தான் அவனைத் தாண்டிப் போய், கயிற்றைத் தன் சொந்தத் தம்பி மடுத்தீன் கையில் கொடுத்தான்.

பங்காளியை நம்பினாலும் நம்புவேன், உன்னை நம்பமாட்டேன் என்று கடற்கரையில் வைத்து மச்சானைப் பார்த்துச் சொல்வதற்கு வேறு வார்த்தை வேண்டாம். தொம்மை திரும்பிப் போனான். அன்று மத்தியானம் அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

சலேத்தம்மாளுக்கு அன்றைக்குப் பிடித்தது வெப்ராளம். முதலில் புருஷன் மேல் கோபம்தான் வந்தது. அண்ணன் கொலைகாரனா? ஆனால் அந்தக் கேள்வி கோபமாக நிற்கவில்லை, பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டது. ஒரு வருஷம் மாதா கோயில் திருவிழாவில், நாலு பேர் பார்க்கக் கயித்தான் அவளைக் கைநீட்டி அடித்துவிட்டான். அப்போது தொம்மை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இப்படி ஒருத்தன் இருக்கதுக்கு, நீ புருஷன் இல்லாமலே இருந்துக்கிடலாம்." அன்று அது பாசமாகக் கேட்டது. இப்போது அதே வார்த்தை அடுப்பங்கரையிலும் கிணற்றடியிலும் அவள் பின்னாலேயே வந்தது.

கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பேசாதபோது என்ன பேசியிருப்பார்கள் என்று அவள் யோசித்தாள். பேசினால் எதை மறைக்கிறார்கள் என்று யோசித்தாள்.

வீட்டிலோ இன்னும் மோசம். கயித்தான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் அவள் முகத்தையே பார்ப்பான். அவள் நிமிர்ந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த சதி என்று நினைக்கிறானோ? குழம்பில் எதையாவது கலந்திருப்பேன் என்று பார்க்கிறானோ? அவள் வேண்டுமென்றே அவன் கண்ணெதிரே அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினாள். அவன் எழுந்து போனான்.

புருஷன் கடலில் இருக்கும் ஒவ்வொரு காலையும், பங்காளியின் கையில் அவன் உயிர் இருப்பதை நினைத்து அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கயிறு அண்ணன் கைக்கே திரும்பட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் நாக்கு வரவில்லை. என் மனைவியிடம் மீனை நிறுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாளாம்: "வெப்ராளமா வருதும்மா. யாரு மேலன்னுதான் தெரியல."

கடைசியில் பொறுக்க முடியாமல் அண்ணனிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். தொம்மை குடிசையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் எழுந்து, உட்காரச் சொல்லிவிட்டு, கொதிக்கிற பானையை வலது கையால் அடுப்பிலிருந்து இறக்கினான். கரித்துணி கிடையாது. பானையை விளிம்போடு பிடித்துக்கொண்டே, கயித்தானுக்குக் காது வலி விட்டதா என்று விசாரித்தான்.

தோல் கருகும் வாடை முதலில் வந்தது அவள் மூக்குக்குத்தான்.

பானையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அவன் கையை விரித்துப் பார்த்தாள். புதிய காயத்துக்குக் கீழே ஆறாத பழைய காயம், கயிறு உரசிப் பிளந்தது. விரல்களின் ஓரத்தில் நிறம் மாறிய தேமல். அவன் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டான். கையை மரத்துப்போக வைக்கும் தொழுநோய் அது. ஊரில் அதற்குப் பெருவியாதி என்று பேர். வந்தவனை வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள், பூசையில் பக்கத்திலும் நிறுத்தமாட்டார்கள்.

அந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். சலேத்தம்மாளுக்கும் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"மரத்துப்போச்சின்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவன் இடது கையால் அடுப்பு விறகை வெளியே இழுத்தான்.

"தெரிஞ்சேதான் கயித்தப் புடிச்சியாண்ணே?"

"எடது கையி நல்லாத்தாம்ளா இருந்திச்சி" என்றான் தொம்மை. "அது போதும்னு நெனச்சேன். சொல்லிட்டா எனக்கு எந்த வள்ளம் இருக்கு? கடக்கரையில நிக்கதுக்குத்தான் விடுவாவளா?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் யோசித்தாள். கொலைகாரன் என்று தான் சந்தேகப்பட்டது பொய். ஆனால் முழுக்கப் பொய்யா? அவள் தாலியைச் செத்த கையில் சுற்றிக்கொண்டு எத்தனை நாள் வள்ளத்தில் நின்றிருக்கிறான்!

வீட்டில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கயித்தான் அவள் முகத்தைப் பார்த்ததுமே கையை நிறுத்திவிட்டான்.

அவனுக்கும் தெரியும் என்பது அவளுக்கு அதிலேயே புரிந்தது. "அண்ணன் கையப் பத்தி நீங்க எப்பத் தெரிஞ்சிக்கிட்டீய?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே. வள்ளத்துல என்னத் தூக்கிப் போட்டப்ப, மச்சான் என் மூக்கு ரத்தத்தத் தொடச்சிக்கிட்டிருந்தாரு. அவரு கையி கிழிஞ்சி என் நெஞ்செல்லாம் ரத்தம் ஊத்துது. அவருக்கு அது வலிக்கவே இல்ல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லணும்னுதான் தினமும் சோத்துக்கு முன்னால ஒக்காருவேன். ஒன் மூஞ்சியப் பாத்தா வாய் வராது." வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அவனே சொன்னான்: "எனக்கு மச்சான் மேல சந்தேகம்னா ஊரு என்னத்தான ஏசும். அவரோட நோவுன்னு தெரிஞ்சா அவர அடிச்சித் தொரத்தும்."

ஒரு தடவை நாலு பேர் முன்னால் அவளை அடித்த கை அது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அன்றைக்கு அழுதாள்.

அடுத்த வாரம், ஆற்றோரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த நோய்க்கு நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடுகிறார்கள் என்று விசாரித்து, அண்ணனை அழைத்துக்கொண்டு அவளே பஸ் ஏறினாள். வலது கையை அவன் துண்டுக்குள் மறைத்திருந்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருக்காரி ஒருத்தி வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்:

"ஏளா சலேத்து, புருஷன் கயித்த விட்டவனுக்குச் சோத்துச்சட்டி வேற தூக்கிட்டுப் போறியாக்கும்?"

உண்மையைச் சொல்லி அவள் வாயை அடைக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அண்ணனைக் கடற்கரையை விட்டு ஓட்டிவிடும். அது மட்டுமல்ல, அந்தப் பொம்பளை சொன்னது முழுக்கப் பொய்யும் அல்ல.

"ஆமா. எங்க அண்ணனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள் சலேத்தம்மாள்.

கயிறு இன்னும் மடுத்தீன் கையில்தான் இருக்கிறது. கயித்தான் சந்தேகக்காரன் என்ற பேரோடு கடலுக்குப் போய் வருகிறான். ஆஸ்பத்திரியிலேயே தங்கி ஊசி போட்டுக்கொள்ளும் தொம்மைக்கு மாசம் தவறாமல் சலேத்தம்மாள் சோறு கொண்டு போகிறாள். அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாளாம். அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "அதுக்கெல்லாம் எனக்கு வார்த்த தெரியாதும்மா, வெப்ராளம்தான் தெரியும்" என்று சொல்லிப் போய்விட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் சட்டியைத் திறந்து, சோறு ஆறிவிட்டதா என்று தன் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அண்ணனிடம் நீட்டுவாளாம். நீட்டும்போது அவன் முகத்தை மட்டும் இன்னும் பார்ப்பதில்லையாம்.