அத்தை வீட்டுப் பசித்த ஆவி

விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, வண்டிக்காரர் சொல்லும் கதை உண்மைதானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். "மாடு குறுக்க வந்துருச்சு சார்" என்று யாராவது சொன்னால், பம்பரில் மாட்டு முடி எங்கே என்று கேட்பேன். போட்டோ காட்டினால் போதாது, நேரில் போய்க் குனிந்து பார்ப்பேன். காரைக்கால் வட்டாரத்தில் என் சந்தேகத்துக்குத் தப்பிய பம்பர் கிடையாது. அப்படிப்பட்ட நான், ஞாயிற்றுக்கிழமை டிவியில் கறுப்பு டிஷர்ட் போட்ட ஒருவர் இருட்டில் நின்றுகொண்டு "யாரோ என் தோளைத் தொட்டாங்க" என்றால், தலையணையைக் கட்டிக்கொண்டு நம்பிவிடுவேன். அவரிடம் ஒரு நாளும் முடி கேட்டதில்லை.

"ஏங்க, அந்த ஆட்டோக்காரரு பாவம், ஒரு கீறலுக்கு மூணு நடை நடக்க விட்டீங்க. இந்தாளு மட்டும் உங்க மாமனா?" என்பாள் மனைவி.

"அது தொழில், இது அறிவியல். கையில மீட்டர் வச்சிருக்காரு பாரு."

மீட்டர் இருந்தது உண்மை. ஆவி பக்கத்தில் வந்தால் அதில் லைட் எரியும் என்பார். அதைக் கண்டுபிடித்தவர் எந்த ஆவியை வைத்துச் சரிபார்த்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அத்தை ஊருக்கே திரும்பி வந்துவிடுவது என்று முடிவெடுத்தார். அப்பாவின் தங்கை. மாமாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, அதனால் அத்தைக்கும். கல்யாணமான கையோடு பாரிஸுக்குப் போனவர், மாமா காலமானபின் மகனோடு, லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு மாடிவீட்டில் இருந்தார். சாமி ஊர்வலம் போகும் வீதியில் அவருக்குச் சொந்தமாக ஓட்டு வீடு உண்டு; முன்பக்கம் மாடி, நடுவில் துளசி மாடத்தோடு முற்றம், பின்னால் கொல்லை. சாவி என்னிடம். "கடைசிக் காலத்துல என் வீட்டு முத்தத்துல ஒக்காந்து மழை பாக்கணும்டா. இங்க மழைகூட சத்தம் போடாம பெய்யுது" என்பார் போனில்.

மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஒரே நிபந்தனை: அம்மா தனியாக இருக்கக் கூடாது, கூடவே தங்கிச் சமைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். ஊரெல்லாம் சல்லடை போட்டு, மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு அம்மாவைப் பிடித்தேன். கணவர் இல்லை, பிள்ளைகள் தனித்தனிக் குடித்தனம். மீன் குழம்பு வைத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். அத்தையும் அவரும் வீடியோ காலில் பேசி, குழம்பில் மாங்காய் போடலாமா என்று ஒரு சண்டையும் போட்டு, ஒத்துப்போய்விட்டார்கள். மச்சான் டிக்கெட் போட்டுவிட்டான். எல்லாம் கூடி வந்தது. நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

அந்தச் சமயம் பார்த்து அதே டிவி நிகழ்ச்சிக்காரர்கள் காரைக்காலில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடு தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. என் கையில் சாவி. நான் டிவியில் வருவதைத் தடுக்க இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அத்தையிடம், "டிவியில வீட்டைப் படம் எடுக்கணுமாம் அத்தே" என்று மட்டும் சொன்னேன். பழைய வீடுகளைப் பற்றிய நிகழ்ச்சி என்று அவராக நினைத்துக்கொண்டார். "நல்லாக் கூட்டிப் பெருக்கி வைடா, மானத்த வாங்காத" என்றார்.

அவர்கள் கேட்ட நாள் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா. "அன்னிக்குச் சாமி வருங்க, வீதியில கால் வைக்க முடியாது" என்றேன். நிகழ்ச்சி நடத்துபவருக்கு மறுநாள் வேறு ஊரில் வேறு பேயோடு வேலை இருந்தது. அதனால் அன்றே வந்தார்கள், காலை பத்து மணிக்கு. அவரும் கேமராக்காரரும் இரண்டே பேர். வந்ததும் இளநீர் கேட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். வெளியே மேளம், வெயில், ஐஸ்காரர் மணி. உள்ளே அவர் கேமராவைப் பார்த்து, "இப்ப மணி நள்ளிரவைத் தாண்டிருச்சு. ஊரே அடங்கிருச்சு" என்றார். ஊர் அப்போது வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டிவி என்றால் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதையே ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தால் அவர் கோப்பை அன்றே மூடியிருப்பேன்.

பவுடர் போட்டு, வெள்ளை வேட்டி சட்டையில் என்னை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். "இந்த வீட்ல நீங்க எதாவது உணர்ந்திருக்கீங்களா?" என்றார். கரையான் தொல்லையைச் சொன்னேன். "அதுக்கு மேல?" என்றார். "சில நேரம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றேன். மின்கட்டண பில் கட்டப் போகும்போது அப்படித்தான் இருக்கும்.

பிறகு மீட்டர். "இங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா லைட்டை எரிய விடுங்க" என்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைட் எரிந்தது. "நாங்க வந்தது பிடிக்கலையா?" மறுபடி எரிந்தது. நான் அவர் டிஷர்ட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். கேமராக்காரர் மேலே காட்டினார். வெளிச்சப் பொட்டுகள் உருண்டு உருண்டு மிதந்தன. அந்த நேரம் பார்த்து ஓட்டின் மேல் தொம், தொம் என்று ஏதோ விழுந்தது. "கல்லெறி!" என்று அவர் கிசுகிசுத்தார்.

வீதியில் பிச்சாண்டவர், பிச்சை கேட்டு வரும் சிவன், வந்துகொண்டிருந்தார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியில் நின்று கூடை கூடையாக மாம்பழம் இறைப்பதும், கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் பிடிப்பதும் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ பலசாலி வேண்டுதல்காரர் இறைத்தது வீதியைத் தாண்டி எங்கள் ஓட்டில் விழுந்திருக்கிறது. "அண்ணே, அது மாம்பழம்" என்றேன். "ப்ளீஸ் சார், நீங்க பின்னாடி போயிருங்க" என்றார். போனேன். தார்ப்பாய் ஓரமாக ஒரு பழம் நழுவி முற்றத்தில் விழுந்து கிடந்தது. சாமி பழம். விடலாமா? தூசுக்குப் பயந்து தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கொல்லைப் பக்கத்து நடையில் நின்று, வேட்டியில் சாறு படாமல் குனிந்து தின்றேன். நல்ல பழம்.

நிகழ்ச்சி ஆடி மாதத்தில் ஒளிபரப்பானது. அக்கம்பக்கத்தையெல்லாம் வரச்சொல்லி, சுண்டல் செய்து வைத்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் புகைமூட்டம்போல மறைத்து, குரலைச் சேவல் குரலாக மாற்றியிருந்தார்கள். பவுடர் போட்டதெல்லாம் வீண். மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு உறுமல் சத்தம் சேர்த்திருந்தார்கள். மீட்டர், மிதக்கும் ஒளி, கல்லெறி எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில், நடையில் அவர்கள் தனியே விட்டுப் போயிருந்த இன்னொரு கேமராவில் பதிந்த ஒரு காட்சி. முகம் சரியாகத் தெரியாத ஒரு வெள்ளை உருவம். குனிந்து நிற்கிறது. தாடை அசைகிறது. "அது எதையோ தின்னுது! பசியோட செத்த ஆன்மா!" என்று பின்னணியில் நிகழ்ச்சி நடத்துபவர் அலறினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அலறினேன். "ஐயோ, அன்னிக்கு நான் அந்த எடத்துலதான நின்னேன்!"

மனைவி என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், சுண்டல் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது போல என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் காலையில் கோட்டுச்சேரிமேட்டு அம்மா போன் செய்தார். "அண்ணே, எனக்கு அந்த வேலை வேணாண்ணே."

"பேய்க்குப் பயமாம்மா?"

"கடல்ல போயிட்டு வர்ற சனம்ண்ணே நாங்க, பேய்க்கெல்லாம் பயந்தா முடியுமா? ஆனா இது திங்கிற பேயா இருக்குது. வச்ச மீன் காணாமப் போச்சுன்னா ஒங்க அத்த பேயையா கேப்பாங்க? என்னையில்ல கேப்பாங்க?"

அடுத்து பாரிஸிலிருந்து மச்சான். "மச்சான், அந்தம்மா வரலியாமே. நானும் அதை நெட்ல பாத்துட்டேன். எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல, ஆனா அந்த வெள்ளையா என்னமோ நின்னுச்சே, அது என்னா? திருடனா இருந்தா? அம்மாவை அனுப்ப முடியாது. டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன்." பின்னால் அத்தையின் குரல் கேட்கவில்லை. எப்போதும் இடையில் புகுந்து பேசுகிறவர் அவர்.

நிகழ்ச்சிக்காரருக்குப் போன் போட்டேன். ஓட்டில் விழுந்தது மாம்பழம் என்று ஒரு வரி போடச்சொல்லிக் கெஞ்சினேன்.

"மாம்பழம்னு நிரூபிக்க முடியுமா சார்?"

"கல்லுன்னு நீங்க நிரூபிச்சீங்களா?"

"கல்லு கெடைக்கவே இல்லையே சார். அதான மர்மம்!"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு வண்டிக்காரரை நான் சந்தித்ததில்லை.

வேறு வழியில்லாமல், செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். நசுங்கிய காரைப் பார்ப்பதுபோல அந்த நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மிதக்கும் ஒளி: அத்தை பேச்சைக் கேட்டு அன்று அவர்கள் வரும்வரை நான் கூட்டிக் கிளப்பிய தூசு. மீட்டர்: போன் அலைக்கும் அந்த லைட் எரியும்; என் சட்டைப் பையில் சத்தமில்லாமல் வைத்திருந்த போனை அந்த நேரத்தில் மனைவி விடாமல் கூப்பிட்டிருக்கிறாள், சாமி பழம் கிடைத்ததா என்று கேட்க. கல்லெறி தெரிந்ததுதான். மிச்சம் அந்த உருவம். அதைத்தான் உற்று உற்றுப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் அத்தையே வீடியோ காலில் வந்தார். மகனின் டேப்லெட்டில் முழுசும் பார்த்துவிட்டாராம். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார் என்று நினைத்தேன். சிரித்துச் சிவந்த கண்.

"ஏன்டா, அந்தப் பேய் கொட்டைய என்னா பண்ணுச்சு பாத்தியா?"

"பாக்கல அத்தே."

"சப்பி முடிச்சுட்டு, சுத்தியும்முத்தியும் பாத்துட்டு, என் துளசி மாடத்துக்குப் பின்னால போடுது. சின்ன வயசுலேருந்து அந்த எடத்துல கொட்டையப் போடுற நாயி ஒன்னு எனக்குத் தெரியும்."

நடையில் வெள்ளை வேட்டி. தலையில் வெள்ளைத் துண்டு. தாடை. என் தாடை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஆதாரம் கேட்டவன், என்னையே எனக்கு அடையாளம் தெரியாமல் அலறியிருக்கிறேன்.

"நீதான்னு இவன் நம்ப மாட்டேங்குறான். இவனுக்கும் அந்தம்மாவுக்கும் செஞ்சு காட்டு. இல்லன்னா நான் இங்கயே லிஃப்டுக்குக் காத்துக்கிட்டு சாவ வேண்டியதுதான்" என்றார். கடைசி வாக்கியத்தில் சிரிப்பு இல்லை.

செய்து காட்டினேன். கோட்டுச்சேரிமேட்டு அம்மாவை வாசற்படி வரைக்கும் வரவழைத்தேன். அதற்கு மேல் வர மறுத்துவிட்டார். போனில் மச்சானும் அத்தையும். மனைவி படமெடுத்தாள். அதே வேட்டி, அதே துண்டு, அதே நடை. ஆனிப் பழம் முடிந்துபோய்க் கடையில் நீலம் ரகம்தான் கிடைத்தது. பட்டப்பகலில், இத்தனை கண்களுக்கு முன்னால், ஒரு மாம்பழத்தைப் பேய்போலத் தின்பது சுலபம் இல்லை.

"இன்னும் குனிங்க. பேய்க்கு இவ்ளோ நிமிந்த முதுகு இல்ல" என்றாள் மனைவி.

"வயித்த எக்காத மச்சான், டிவியில வயிறு இருந்துச்சு" என்றான் மச்சான்.

கொட்டையைத் துளசி மாடத்துக்குப் பின்னால் போட்டேன். அங்கே ஆனி மாதத்துக் கொட்டை, காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதைத் தூக்கி போனுக்கு முன்னால் காட்டினேன். மாட்டு முடி கிடைத்த மாதிரி இருந்தது.

மச்சான் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். "டிவியிலகூட இவ்ளோ கேவலமா இல்ல" என்றான். "சரி, அம்மா வரட்டும்."

கோட்டுச்சேரிமேட்டு அம்மா படியேறி உள்ளே வந்து, முற்றத்தையும் அடுக்களையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வேலைக்கு வர்றேண்ணே. பேய் வந்தா நான் பாத்துக்கறேன். நீங்க வர்றதா இருந்தா மட்டும் முன்கூட்டிப் போன் பண்ணிட்டு வாங்க. மீன எடுத்து உள்ள வைக்கணும்."

அத்தை ஐப்பசி மழைக்குச் சரியாக வந்து சேர்ந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தம் போட்டுப் பெய்வதைப் பார்த்தார். ஊரில் இன்னும் பாதிப்பேர் அதைப் பேய் வீடு என்றுதான் சொல்கிறார்கள். நான் செய்து காட்டிய வீடியோவை அனுப்பினால், "ஆவி ஒங்க மேல எறங்கியிருக்கு" என்கிறார்கள். அத்தைக்கு அதில் வருத்தமில்லை. நன்கொடை கேட்டு ஒருத்தரும் மணி அடிப்பதில்லையாம்.

இந்த வருடத் திருவிழாவில் பிச்சாண்டவர் வந்தபோது நான் கீழே கூட்டத்தில் நின்றிருந்தேன். ஊர் திரும்பினால் பழம் இறைப்பதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாராம். மாடியில் அவரும் கோட்டுச்சேரிமேட்டு அம்மாவும் கூடையோடு நின்றார்கள். அத்தைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பாதிப் பழம் எதிர்வீட்டு ஓட்டுக்குப் போனது. ஒன்று நேராக என் மண்டையில் இறங்கியது.

"பட்டுருச்சா?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"பட்டுருச்சு அத்தே!"

"அப்ப எடுத்துத் தின்னு. கொட்டைய மட்டும் உள்ள கொண்டாந்து போட்டுறாத!"