பின்பக்கம் காட்டிய காளை

கர்ணனை ஏர் பிடிக்க அனுப்பினால் மேழியில் கிளி செதுக்கி வைத்துவிட்டு வருவான். அப்பன் அடித்தும் பார்த்தார், திருந்தவில்லை. கடைசியில் கலப்பையை மூத்தவனிடம் கொடுத்துவிட்டு, இவனை உளியும் கொட்டாப்புளியுமாகத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். அதற்குப் பிறகு உத்தமபாளையம் வட்டாரத்தில் எந்த நாடகத்தில் ராஜா சண்டை போட்டாலும் கையில் இருந்தது கர்ணன் செதுக்கிய கேடயம்தான். யாளியா, மயிலா, கேட்டதைக் குமிழ் மரப் பலகையில் எழுப்பிக் கொடுப்பான். சிங்கத்தை அவன் பார்த்ததே இல்லை. அதனாலென்ன, கேட்டவர்களும் பார்த்ததில்லை. மலைமேல் இருந்த எஸ்டேட் துரைமார்கூடச் சுவரில் மாட்டக் காட்டுமாட்டுக் கேடயம் வாங்கிப் போனார்கள்.

வினை, முப்பத்தேழாம் வருசத்துச் சல்லிக்கட்டில் வந்தது. பிடிபடாத மாட்டுக்கு வேட்டி துண்டுக்குப் பதிலாக மரக்கேடயம் கொடுப்பது, அதில் காளை உருவம் இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்து, வேலையைக் கர்ணனிடம் விட்டார்கள். எந்தக் காளை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது.

ஊரில் பேர்போன காளைகள் இரண்டு. ஒன்று, கர்ணன் மனைவி மொக்கம்மாளின் அண்ணன் சுருளியாண்டியுடையது. மற்றது, கர்ணனின் அக்காள் சந்தனம்மாள் வீட்டுடையது. தாயில்லாத கர்ணனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காள். அவள்தான் முதலில் வந்து நின்றாள்.

"ஏலே கர்ணா, கேடயத்துல எங்க வீட்டுக் காளைதேன் இருக்கணும். இல்லையின்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அடுப்படியில் மொக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அக்காள் தெருமுனை திரும்பியதும் சேலை மூட்டையைத் தூக்கினாள்.

"எங்க அண்ணன் காளைய வச்சா வாரேன். இல்ல, ஒங்க அக்காளே வந்து பொங்கிப் போடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெற்குத் தெருவில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கர்ணன் கேப்பைக் கூழைத் தானே கிண்டி, அடிப்பிடிக்கவிட்டுக் குடித்தான். அவனுக்கு மொக்கம்மாள் வேண்டும். அக்காளும் வேண்டும். ஒரே கேடயத்தில் இரண்டு காளையையும் வைத்தால் எது பெரிசு என்று இரண்டு வீட்டாரும் சாண்போட்டு அளப்பார்கள். பதினோராம் நாள் உளியைக் கையில் எடுத்தவன் தனக்குத்தானே சிரித்தான். கதவைச் சாத்திக்கொண்டுதான் செதுக்கினான்.

சல்லிக்கட்டன்று காலையில் வாடிவாசல் பக்கத்தில், கேடயத்தை மூடியிருந்த துண்டை உருவினான். கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. கேடயத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு புழுதி பறக்கக் காளை ஓடியது, ஊருக்கே பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு.

"என்னடா இது, மூஞ்சிய எங்கன வச்ச?" என்றார் பெரியவர் ஒருவர்.

"பிடிபடாத மாட்டோட மூஞ்சிய எவன் பாத்தான் மாமா? எல்லாருக்கும் பின்னாடி மட்டுந்தான தெரியும்" என்றான் கர்ணன்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சந்தனம்மாள் உற்று உற்றுப் பார்த்தாள். பின்பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த வீட்டு மாடு என்று சண்டைக்கு நிற்க முடியுமா? "அவ அண்ணன் மாடு இல்லைல்ல, அது போதும்" என்று கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு போனாள்.

பிறகு மொக்கம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். வால் நுனியில் ஒரு சின்னக் கோணல் இருந்தது. சுருளியாண்டியின் காளை கன்றாக இருந்தபோது வண்டிச் சக்கரத்தில் வால் சிக்கியது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியவள் மொக்கம்மாள்தான். நுனி கோணலாகக் கூடியதை மயிர் மறைத்துவிட்டதால் அது வேறு யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் கர்ணனிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மரத்தைச் செதுக்கிக்கொண்டே "உம்" கொட்டினான். விளங்காத மனுசன், காது கொடுக்கவே இல்லை என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு இரண்டு காளைகளும் பிடிபட்டன. கேடயம் மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு காளைக்குப் போனது. அண்ணன் வீட்டில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, மொக்கம்மாள் இங்கே வந்து தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கர்ணன் சத்தம் காட்டாமல் உள்ளே வந்து, ஒரு பலகையை மடியில் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப, வால் சங்கதி காதுல விழுந்திருக்கு" என்றாள்.

"உம்."

"மூணு வருசமா சுங்குடிச் சேலை கேக்குறேனே, அதுவும் விழுந்திருக்கும்ல?"

கர்ணன் உளியைத் தேடுவதுபோல அங்கும் இங்கும் தடவினான். உளி அவள் கையில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் சேலை வாங்க உத்தமபாளையத்துக்கு நடந்தான்.