ஹாரன் அடிக்காமல் தளர்த்திய கயிறு

வேலையிடத்தில் அவருக்கு மேல்மாடிக்காரர் என்று பெயர். வீடு என்னவோ தரைத்தளத்தில்தான். காலையில் கோபுரக் கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார் என்பதால் வந்த பெயர் அது. கீழே நடக்கிற சண்டை எதுவும் அவர் காதுக்கு எட்டாது. அதனால்தான் மனிதருக்கு யாரோடும் பகையில்லை என்று கேலி செய்வார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வரவே கூடாத நோய் ஒன்று உண்டென்றால் அது பெருங்குடல் அழற்சிதான். அதுதான் வந்தது. கேபினில் மின்விசிறி உண்டு, தண்ணீர் உண்டு, மெத்தை வைத்த நாற்காலி உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. ஏணி வழியாக இறங்கக் கால் மணி நேரம் ஆகும், குடல் அவ்வளவு தவணை கொடுக்காது. இரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியதும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார்.

"இது அடியோட போற வியாதி இல்லீங்க, ஆனா அடங்கும்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரைய விடாம போட்டா நீங்க பழையபடி மேல ஏறலாம்."

மேலே ஏறலாம் என்ற ஒரு வார்த்தைதான் அவர் மனதில் நின்றது. தரையில் அவர் சாதாரண ஆள். மேலே போனால் ராஜா. அந்த நாற்காலிக்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தார்.

அங்கேதான் மச்சான் நுழைந்தான். மனைவியின் தம்பி, அதே வேலையிடத்தில் கீழே நின்று, வாக்கிடாக்கியில் "இடது, இன்னும் இடது, நிறுத்து" என்று அவருக்கு வழி சொல்பவன். வேலையில் சொல்லிப் பழகிய வாய், வீட்டிலும் சும்மா இருக்காது. திராட்சை விதை, பச்சைத் தேயிலை, மஞ்சள் என்று பலவற்றின் சாரத்தை அடைத்த காப்ஸ்யூல் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"எல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட் மாமா. நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாருன்னு சும்மாவா சொன்னாங்க? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

அதில் தப்பில்லை. தப்பு, டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கியதில் ஆரம்பித்தது. திட்டுவார் என்று பயந்தார். உயரத்துக்குப் பயப்படாதவர், வெள்ளைக் கோட்டுக்குப் பயந்தார்.

இரத்தம் நின்றது. உடம்பில் சதை போட்டது. மேல்மாடிக்காரர் மறுபடி மேல்மாடிக்குப் போனார். வீட்டில் மட்டும் வழக்கு தீரவில்லை.

"என் காப்ஸ்யூல்தான் மாமாவ காப்பாத்துச்சு" என்பான் தம்பி.

"ஆமாடா, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. வேலை செஞ்சது மாத்திரை, பேரு உனக்கா?" என்பாள் அக்கா.

இரண்டு பேரும் மாறிமாறி அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சோற்றைப் பார்ப்பார்.

கிரேன்காரர்களிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு சுமையை இரண்டு கயிறுகள் தாங்கும்போது பாரம் எதில் இருக்கிறது என்று தெரியவேண்டுமானால், ஒன்றைக் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார்கள். சுமை அசையவில்லையென்றால் மற்றதுதான் தாங்குகிறது. வாழ்நாளெல்லாம் இப்படிச் சோதித்தவருக்கு வேறு எப்படித்தான் யோசனை போகும்? ஒரு நாள் காலை மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காப்ஸ்யூலை மட்டும் விழுங்கினார். மறுநாளும் அப்படியே. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சுமை அசையவில்லை. வாரங்கள் போயின. மச்சான் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று அவருக்கு ஒரு குஷிகூட வந்தது. மருந்தின் வேலை உடம்பிலிருந்து மெல்லத்தான் இறங்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு கான்கிரீட் பலகை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த முற்பகலில் வயிற்றை முறுக்கிப் பிடித்தது. பலகையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்து ஓட முடியாது.

"மாமா, இடது. என்ன நிக்கிறீங்க? இடது!"

பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் திருப்பினார். வியர்வை கண்ணில் இறங்கியது. பலகை தரையைத் தொட்டு, கொக்கி விடுபட்ட பிறகுதான் கையை எடுத்தார். அதற்குள் நாற்காலி மெத்தை நனைந்துவிட்டிருந்தது. பெரும்பாலும் இரத்தம்.

மச்சான்தான் ஏறி வந்தான். பார்த்ததும் தன் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பில் சுற்றி, ஒவ்வொரு படியாக அவர் காலைப் பிடித்து வைத்து இறக்கினான். அந்த ஏணியில் அவர் அழுதார். வலியினால் என்று அவன் நினைத்துக்கொண்டான், அவமானத்தினால்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா திட்டவே இல்லை. "இந்த மாதிரி சாரம் சில பேருக்கு மாத்திரையோட சேர்ந்து கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். என்கிட்ட சொன்னா அது கல்லீரலக் கெடுக்காம இருக்கான்னும் பாத்துக்குவேன். மாத்திரைக்குப் பதிலா மட்டும் அது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது அவருக்கு.

மனைவி படுக்கையோரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதிலிருந்து அவர் வேலைக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, கிரேன் வேலையின் விதியெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"அந்த சோதனைய எவ்ளோ உயரத்துல பண்ணுவீங்க?"

"தரையிலேர்ந்து ஒரு சாண் தூக்கிட்டு."

"தளர்த்துறதுக்கு முன்னாடி?"

அவளே சொன்னாள்.

"ஹாரன் அடிப்பீங்க. கீழ நிக்கிறவங்க விலகணும்னு. எனக்கு ஒரு ஹாரன் அடிச்சீங்களா? கீழ நின்னுட்டிருந்தது நான்தானே?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குடலை முறுக்கியதைவிட இது அதிகமாக வலித்தது.

நோய் இந்த முறை சுலபத்தில் அடங்கவில்லை. கேபினில் வேறொருவன் உட்கார்ந்தான். மேல்மாடிக்காரர் இப்போது மச்சானுக்குப் பக்கத்தில் தரையில் நின்று, கழுத்து வலிக்க மேலே பார்த்து, "இடது, இன்னும் இடது" என்கிறார். பெயர் மட்டும் மாறவில்லை. மறுபடி ஏறுவதைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

காலையில் மாத்திரையை விழுங்கியதும் கரண்டியால் தம்ளரை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருந்து அவள், "ம், கேட்டுச்சு" என்பாள். அதன் பிறகுதான் செருப்பை மாட்டுவார்.