மல்லாவியிலிருந்து ஜெயபுரம்வரை, நான்கு உரப்பைகளுடன்

கடந்த மாசியில், அறுவடை முடிந்த கையோடு, மல்லாவிக்குப் போனேன். வன்னிப் பெண்களின் சிந்தனையை வரலாறாக எழுதும் மங்களா ரீச்சரைச் சந்திக்க வேண்டும். காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறி மாங்குளத்தில் இறங்கினால், அங்கிருந்து மல்லாவி பதினைந்து கிலோமீற்றர். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணிநேரம் வெயிலில் நின்றேன். தொப்பி கொண்டுபோங்கள்.

ரீச்சர் பதிவுசெய்த கசற்றுகள் பொதுநோக்கு மண்டபத்தின் பின்னறையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது அவை நான்கு உரப்பைகளில் கட்டப்பட்டு வாசலில் கிடந்தன; பக்கத்தில் ரீச்சர் நின்றார். உள்ளே புதுத் தையல் மெஷின்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மேம்பாட்டுக்கான பயிற்சி நிலையமாம்.

"பொம்பிளையளுக்குத்தானே ரீச்சர் செய்யிறம்," என்றார் மண்டபச் செயலாளர்.

"ஓம் தம்பி. அவையள் கதைச்சதை வெளியிலை எறிஞ்சுபோட்டு."

வன்னியில் பெண்களுக்கு என்றால் தையல் மெஷின், இல்லாவிட்டால் கோழிக்குஞ்சு. அவர்களுக்கும் ஒரு மூளை உண்டு என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

ரீச்சர் சரித்திரம் படிப்பித்தவர். இடப்பெயர்வுகளில் சேலைகளை விட்டுவிட்டு இந்தக் கசற்றுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். களை பிடுங்கும் பெண்களோடு தானும் குனிந்து பிடுங்கி, வரம்பில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பதிவுக்கருவியை எடுப்பாராம். வன்னிக்கு வருகிற எல்லோரும் பெண்களிடம் என்ன இழந்தீர்கள் என்று கேட்டு, அழுததும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரீச்சர் கேட்பது வேறு: "அதைப் பற்றி நீ என்ன நினைச்சனி?"

கசற்றுகளை எங்கே வைப்பது? ரீச்சரின் வீட்டுக் கூரை ஒழுகும். மழை வந்தால் எல்லாம் போய்விடும். ரீச்சர் ஜெயபுரத்துக்கு ஓட்டோ பிடித்தார். நாற்பது கிலோமீற்றர், நாலாயிரம் ரூபாய்.

"யூரியாவோ ரீச்சர்?" என்றார் சாரதி, பையைத் தூக்கியபடி.

"இல்லை அப்பன், பொம்பிளையளின்ரை மூளை."

"அதுதான் பாரமில்லாமல் கிடக்கு."

ரீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயபுரத்தில் பரமேஸ்வரி அக்காவின் வீடு. முதல் கசற்றில் பேசியவர் அவர்தான். வழியில் ரீச்சர் அதைச் சொன்னார். அக்காவின் சீதனக் காணி அக்காவின் பேரில்தான் இருக்கிறது. ஆனால் வடபகுதித் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி அதை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவனோ யுத்தத்தில் காணாமல் போனவர். "இல்லாத மனுசனின்ரை கையெழுத்து இருக்கிற என்னைவிடப் பெரிசோ?" என்று அக்கா அதில் கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்விக்குக் கருத்தரங்கு வைப்பார்கள். இங்கே அது உரப்பைக்குள் கிடக்கிறது.

"என்ரை கதையும் இதுக்கை கிடக்கோ?" என்றார் அக்கா.

"ஓம்."

"அப்ப ஏன் வாசலிலை நிக்கிறியள்?"

வீடு ஒற்றை அறை. ஒரு மூலையில் அலுமாரி, மறுமூலையில் ஏதோ நிறுவனம் கொடுத்த தையல் மெஷின். அக்கா என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். இருவருமாக மெஷினைத் தூக்கி வெளியே கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்த மூலையில் பைகளை அடுக்கினோம்.

போக விரும்புகிறவர்கள் இனி மல்லாவிக்கு அல்ல, ஜெயபுரத்துக்குப் போங்கள். ஓட்டோக் கூலியை ஏறுமுன் பேசுங்கள். ரீச்சரின் கசற் பிளேயர் பழுது. முடிந்தால் ஒன்று கொண்டுபோங்கள். தையல் மெஷின் வேண்டாம்.