கண்ணகியின் பின் டப்பா

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்பு ஸ்டவ் ரிப்பேர் பார்த்த கண்ணகியைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் கம்மி. புருஷன் கந்தசாமி மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்ததும், அவன் உட்கார்ந்து ஸ்டவ் ரிப்பேர் பார்த்த சாக்கு விரிப்பிலேயே அவளும் உட்கார்ந்தாள். "பொம்பளைக்கு இன்னா ஸ்டவ் தெரியும்?" என்று இளித்தவனெல்லாம் அடுத்த மாசமே ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பசி வந்தால் பத்தும் பறந்துதானே போகும்!

ஆனால் ஊருக்குள் கேஸ் அடுப்பு வர ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டுக்குக் கேஸ் வந்தால் கண்ணகிக்கு ஒரு ஸ்டவ் போச்சு. அதனால்தான் ஷேக் பரீத் பாய் புதிதாகக் கேஸ் ஏஜென்சி திறந்ததும் ஓடிப்போய் வேலை கேட்டாள். பாய்க்கும் ஆள் தேவை. ஆம்பளைகள் கடைக்குப் போன பிறகு பள்ளிவாசல் தெருவில் எந்த மெக்கானிக்கை அடுப்படிக்குள் விடுவார்கள்? கண்ணகி என்றால் நேரே உள்ளே போகலாம்.

"மொதல்ல என் வூட்டு அடுப்பு ரிப்பேரானா பாரு. சரியா செஞ்சா விழுப்புரத்துக்கு ட்ரெயினிங் அனுப்புறேன்" என்றார் பாய்.

அந்த நாளும் வந்தது. எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டில் மரங்கள் வெட்டிக் கிடந்தன, பஸ் இல்லை, விழுப்புரம் மெக்கானிக்கும் வர வழியில்லை. பாயின் மனைவி ரசூல் பீவி ஆள் அனுப்பினார். அடுப்பு மினுக்கு மினுக்கென்று எரிகிறதாம்.

கண்ணகி டியூப் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். குமிழ் இல்லை, கசிவு இல்லை. பர்னரைக் கழுவினாள். பர்னருக்குக் கேஸ் பீய்ச்சும் ஜெட்டில்தான் அடைப்பு. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் பாழாய்ப்போன கைப்பழக்கம்! பின் டப்பாவிலிருந்து பம்பு ஸ்டவ்வுக்கு அடைப்பெடுக்கும் பின்னை எடுத்து ஜெட்டின் பித்தளைத் துளைக்குள் விட்டுக் குடைந்துவிட்டாள். துளை பெரிசாகிவிட்டது.

பற்றவைத்ததும் மஞ்சள் தீ குபீரென்று எழுந்து பாத்திரத்தில் கரி அப்பியது.

"இன்னா கண்ணகி, தீப்பந்தமாட்டம் எரியுது?" என்று பீவி பின்வாங்கினார்.

"சிலிண்டர் கோளாறும்மா" என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் சாயங்காலம் பீவி மறுபடி இதைப் பற்றவைப்பாரே! கண்ணகி எட்டி ரெகுலேட்டரை மூடினாள்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். கிருஷ்ணாயில் அடுப்புன்னு நெனச்சிக்கினு பின்னு போட்டுட்டேன். இத சரி பண்ண எனக்குத் தெரியல. புது ஜெட் வர வரைக்கும் யாரும் தொடாதீங்க."

பரணில் கிடந்த பம்பு ஸ்டவ்வை இறக்கி, மதியச் சோற்றுக்குப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டாள்.

மறியல் முடிந்து புது ஜெட் வந்தது, அடுப்பும் நீலமாக எரிந்தது. பாய் கண்ணகியை வரச்சொல்லி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார். "அடுப்பக் கெடுத்தவள நம்பி நான் எப்டி ஊரு வூட்டுக்கு அனுப்புறது?"

திரைக்குப் பின்னாலிருந்து பீவியின் குரல் வந்தது. "போன மாசம் டியூப்புல ஓட்டைன்னு டேப்பு சுத்துனீங்களே, தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? இந்த அடுப்புல கைய வச்ச எந்த ஆம்பளயாவது சொன்னானா? தெரியலன்னு சொன்னது இவ ஒருத்திதாங்க. இவ பாத்தாதான் நான் நிம்மதியா சமைப்பேன்."

பாய் தாடியைத் தடவிவிட்டு விழுப்புரம் ட்ரெயினிங்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் கண்ணகி பஸ் ஏறினாள். பையில் மாற்றுச் சேலை, சோப்பு, ஸ்பேனர் எல்லாம் இருந்தன. பின் டப்பாவை மட்டும் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையை நம்ப முடியாதாம்.