மேல்மாடிக்குச் சொல்லாத சோதனை

மகள் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புத்தி நேராக இருக்கவில்லை. எனக்கு அறவே இல்லை. மொன்றியலில் பிள்ளைக்குப் பதினொரு வயது ஆனதும் தாய் தகப்பனுக்கு ஒரு விசர் பிடிக்கும்: செக்கண்டறிக்கு எந்தப் பள்ளிக்கூடம்? எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எடுப்பார்கள். ஒரு மெற்றோ, ஒரு பஸ் என்று ஐம்பது நிமிடத் தூரத்தில் இன்னொன்று இருக்கிறது. அதுவும் அரசாங்கம்தான், ஆனால் அதில் சர்வதேசப் பாடத்திட்டம். சோதனை வைத்துத்தான் எடுப்பார்கள். அதன் பெயரைச் சொன்னால் சனம் "ஆ, அப்பிடியே!" என்று கண்ணை விரிக்கும். கிட்ட இருப்பதைச் சொன்னால் "பரவாயில்லை, கிட்டத்தானே" என்று ஆறுதல் சொல்லும். அந்த ஆறுதலுக்குப் பயந்துதான் இவ்வளவும் செய்தேன்.

மகளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. மேல்மாடியில் குடியிருக்கிற மன்னார்க்காரியின் மகளும் அவளும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் கிட்டடிப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, பக்கத்துப் பக்கத்து அலுமாரி எடுப்பது, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவது என்று நாலாம் வகுப்பிலேயே முடிவாகிவிட்டது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் முதல் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை. ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனார். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த நேரத்தில்தான் இவர்கள் மேலே குடிவந்தார்கள். அந்தப் பிள்ளையோடுதான் இவள் முதன்முதலில் வெளியில் கதைத்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தால் மற்றவர்களோடும் கதைத்தாள். அவளை விட்டால் இவளுக்கு வேறு சிநேகிதி கிடையாது. எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

ஆவணி போய்ப் புரட்டாதி வந்ததும் பள்ளிக்கூடங்கள் சனிக்கிழமைகளில் பெற்றோருக்கு வாசலைத் திறந்துவிடும். பெரிய பள்ளிக்கூடத்தில் ரோபோ ஓடியது, பிள்ளைகள் ஸ்பானிஷில் வரவேற்றார்கள், ஒரு பெடியன் தவளையை வெட்டிக் காட்டினான். கிட்டடிப் பள்ளிக்கூடத்தில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்கில் கோப்பி, உப அதிபர். அந்த மனுசி ஒளிக்காமல், "எங்களிட்டை எல்லாப் பிள்ளைகளும் வருவினம், எல்லாரையும் எடுப்பம்" என்று பிரெஞ்சில் சொன்னா. எனக்கு அது அவமானம் மாதிரிப் பட்டது. எல்லாரையும் எடுக்கிற இடத்தில் என் பிள்ளைக்கு என்ன மதிப்பு என்று வழி முழுக்க என் புருசனோடு சண்டை பிடித்தேன். இவர் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓடுகிறவர். "பள்ளிக்கூடம் எண்டால் பள்ளிக்கூடம்தானே அப்பா. பிள்ளை படிக்கிறதெண்டால் எங்கேயும் படிக்கும்" என்றார். வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் இருக்கிற என் அண்ணை இன்னும் மோசம். அவருடைய பிள்ளைகள் தனியார் பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "என்ன, இன்னும் முடிவெடுக்கேல்லையோ? ஊரில நீ ஸ்கொலர்ஷிப் சோதனை பாஸ் பண்ணினனீ. உன்ர பிள்ளைக்கென்ன குறை?" என்பார். ஐந்தாம் வகுப்பில் நான் பாஸ் பண்ணிய அந்த ஒரு சோதனையை முப்பது வருடமாக என் தலையில் கிரீடமாக வைத்திருக்கிறார்கள். நானும் கழற்றி வைக்கவில்லை, அதுதான் வினை.

சரி, சோதனைக்கு விடுவதென்று முடிவெடுத்தேன். அடுத்து, அதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தேன். எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். வீடு வாங்கினாலும், கலியாணம் பேசினாலும், வயிற்றில் பிள்ளை தங்கினாலும், காரியம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது. சொன்னால் கண் படும். கண் படாவிட்டாலும், கிடைக்காமல் போனால் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டும். மகளைக் கூப்பிட்டு இருத்தி, "மேல்வீட்டுக்கு ஒரு சொல்லும் போகக் கூடாது" என்றேன்.

"அவளுக்கும் சொல்லக் கூடாதோ?"

"அவளுக்குச் சொன்னால் தாய்க்குப் போகும். தாய்க்குப் போனால் கோயில் முழுக்கப் போகும். வாயை மூடிக்கொண்டிரு பிள்ளை."

ஏற்கெனவே இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளையிடம் இதை நான் சொன்னேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமைகளில் ரியூஷன். ஒவ்வொரு புதனும் எங்கே போகிறாய் என்று மேல்வீட்டுப் பிள்ளை கேட்பாளே? நீச்சல் வகுப்பு என்று சொல்லச் சொன்னேன். பயிற்சிப் புத்தகங்களுக்கு மேல் ஒரு துவாயை மடித்து வைத்துப் பையை மூடுவேன். திரும்பி வரும்போது தலையை நனைத்துக் கூட்டிவந்தேனா என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு தரம் செய்தேன். வெளிப்படியில் தாயும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை. தண்ணீர்ப் போத்தலைத் தலையில் கவிழ்த்துவிட்டு, "குளிருது, உள்ளுக்கு ஓடு" என்று விரட்டினேன்.

ஐப்பசி செபமாலை மாதம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிவில் ஆளுக்கொரு மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து செபிப்பார்கள். வெளியே சொல்ல முடியாத விசயமென்றால் "ஒரு விசேட கருத்துக்காக" என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். அந்த மாதம் முழுக்க நான் "எங்கள் குடும்பத்தின் ஒரு விசேட கருத்துக்காக" என்றேன். எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்ற மேல்வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். புருசனுக்கு ஏதும் வருத்தமாக்கும் என்று நினைத்து நான் மனமுருகி அவளுக்காக மன்றாடினேன். அவளும் எனக்காக உருகியிருப்பாள். மாதாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை. கர்க்லாண்டில் மாமா வீட்டில் பேர்த்டே, அதுதான் வெள்ளென வெளிக்கிடுகிறோம் என்று மகளைக்கொண்டு முதல் நாளே மேல்வீட்டுக்குச் சொல்லுவித்தேன். அந்தப் பிள்ளைக்கும் அன்றைக்குப் பல்லு டொக்டரிடம் போக இருக்கிறதாம் என்று மகள் வந்து சொன்னாள். எனக்கு நிம்மதி, வழியில் சந்திக்கும் பயமில்லை.

பள்ளிக்கூட வாசலில் பெரிய வரிசை. காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கடைசியில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற நீலக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். போன மார்கழியில் நானும் கூடப் போய்த்தான் அதை வாங்கினோம். மேல்வீட்டுக்காரி திரும்பினாள். அவளுடைய மகளும் பக்கத்தில் நின்றாள், கையில் சீவின இரண்டு பென்சில்.

"பல்லு எப்பிடி?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"பேர்த்டே எப்பிடி?" என்று அவள் கேட்டாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மானங்கெட்ட சிரிப்பு. பிள்ளைகள் சிரிக்கவில்லை. என் மகள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவள் பென்சில்களைக் கோட்டுப் பைக்குள் ஒளித்தாள், இனி ஒளித்து என்ன? கதவைத் திறந்து கூப்பிட்டபோது என் மகள் முன்னால் ஓடிப் போனாள். மற்றவள் வேண்டுமென்றே பிந்திப் போனாள்.

திங்கட்கிழமை மேல்வீட்டுக்காரி ஒரு சட்டியில் மீன் குழம்போடு கீழே இறங்கி வந்தாள். "நீர் சொல்லேல்லை எண்டு எனக்குச் சரியான கோவம். பேந்து யோசிச்சன், நானும் சொல்லேல்லைத்தானே" என்றாள். "அதை விடும்" என்றேன். தேத்தண்ணி போட்டேன். அவளுடைய ரியூஷன் எங்கே, என்னுடையது எங்கே, எந்தப் புத்தகம் என்று கதைத்தே ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு நாளில் எங்கள் பிரச்சினை முடிந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு முடியவில்லை. காலையில் என் மகள் பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடத் தொடங்கினாள். மேல்படியில் காலடிச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க மாட்டாள். போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சோதனை முடிவைப் பற்றின கவலை.

கார்த்திகை கடைசியில் ஈமெயில் வந்தது. இடம் கிடைத்திருந்தது. மேலேயும் கிடைத்திருந்தது, தாய்க்காரி துள்ளிக் குதித்ததில் எங்கள் மின்குமிழ் ஆடியது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன்னம் ஓம் அல்லது இல்லை என்று பதில் அனுப்ப வேண்டும். மாதாவே, இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், இனி ஒரு குறையும் இல்லை என்று மகளிடம் ஓடினேன்.

"அவளும் அங்கேதான் போறாளோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, ரண்டு பேருக்கும் கிடைச்சிட்டுது."

"அப்ப நான் கிட்டடிப் பள்ளிக்கூடத்துக்குப் போறன்."

எனக்குத் தலை விறைத்துவிட்டது. மூன்று மாதம் நாய் மாதிரி அலைந்து, அண்ணையிடம் கதை கேட்டு, துவாய் மடித்து, முழந்தாள் தேய மன்றாடி, கடைசியில் இதா? வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். இதையாவது மேல்வீட்டுக்காரியிடம் சொல்லுவோம் என்று மேலே ஏறிப் போனால், அவள் கதவைத் திறந்துகொண்டு கீழே வர நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்ர மகள், உம்மட மகள் எங்க போறாள் எண்டு கேட்டுக்கொண்டு வரட்டாம். தான் மற்றதுக்குப் போறாளாம்" என்றாள்.

"என்ன கோதாரி இது!" என்றேன். படியிலேயே இரண்டு பேரும் குளிரில் நின்றோம்.

கீழே வந்து மகளின் கட்டிலில் இருந்தேன். ஏசுகிற தெம்பும் போய்விட்டது. "அவளோட அவ்வளவு கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவமில்லை."

"பேந்தென்ன?"

"வெக்கமா இருக்கு அம்மா." மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீச்சல் கண்ணாடியை எடுத்தாள். ஊதா நிறம், பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. "என்ர பேர்த்டேக்கு அவள் தந்தது. ஒவ்வொரு வியாழனும் எவ்வளவு தூரம் நீந்தினனீ எண்டு கேப்பாள். நான் சொல்லுவன். பட்டர்ஃபிளை பழகிட்டன் எண்டும் சொன்னனான். அவளுக்குச் சரியான சந்தோசம்."

"அவளும் உனக்குப் பொய் சொன்னவள்தானே?"

"ஓம். அவளுக்கும் வெக்கமாத்தான் இருக்கும்."

கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீங்களும் அன்ரியும் ரண்டு நாளில திருப்பிக் கதைச்சனீங்கள். அது எப்பிடி?"

குத்திக் கேட்கவில்லை. கணக்குத் தெரியாத பிள்ளை வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். சொன்னால் தானும் மேலே போய் அப்படியே செய்வாள். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. அன்றைக்கு மட்டுமாவது.

"நாங்கள் ரண்டு பேரும் மற்றவ உண்மை சொல்லுவா எண்டு நினைச்சிருக்கேல்லை பிள்ளை. அதால பெரிசா நோகேல்லை."

"அப்ப நீங்கள் ரண்டு பேரும் சிநேகிதம் இல்லையோ?" என்று கேட்டாள்.

நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கடைசித் தரமாகக் கேட்டேன், அவள் அதையே சொன்னாள், இல்லை என்று அனுப்பினேன். மேலே ஓம் என்று அனுப்பினார்கள். இப்போது இரண்டு பேரும் செக்கண்டறியில்; மேல்வீட்டுப் பிள்ளை ஏழு மணிக்கு முன்னம் மெற்றோவுக்குப் போகிறாள். என்னுடையவள் எட்டு மணிக்குத் தனியாக நடந்து போகிறாள். படியில் சந்தித்தால் இரண்டு பேரும் மரியாதையாக "பொன்ஜூர்" சொல்கிறார்கள், வேற்று ஆட்களுக்குச் சொல்வதுபோல. இவள் வகுப்பில் கதைக்கிறாளா என்று ரீச்சரிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

போன கிழமை மேலே போயிருந்தேன். மேல்வீட்டுக்காரி தேத்தண்ணி தந்தாள். எதையும் யோசிக்காமல், "இனிமேல் உம்மட்டை நான் ஒண்டும் ஒளிக்க மாட்டன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன், இப்ப என்னத்தை ஒளிக்கிறீர்?" என்றாள்.