ரஸ்குக்குப் போன பிரெட்

புதிய மென்பொருளை அமைக்க வந்த பெண் திரையில் ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துடலாமா சார்? எடுத்தாலும் மொத்தத்துல ஒண்ணும் மாறாது" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோமதி மேடம் காலமான செய்தி கைபேசியில் வந்தது. இரண்டு நாளாக நெஞ்சு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே வேலைக்கு வந்திருக்கிறார். டாக்டரிடம் போகச் சொன்ன எல்லோரிடமும் "ஹவ், போறேன்" என்று உள்ளூர் 'ஆமாம்' போட்டுத் தலையாட்டியிருக்கிறார். போகவில்லை. இப்படிப்பட்ட மனுஷியை என்ன செய்வது? துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உப்பலில் எங்கள் பேக்கரித் தொழிற்சாலையில் அவர் ரஸ்க் பிரிவுக்குப் பொறுப்பாளர். நான் மாதாந்திர அறிக்கை தயாரிப்பவன். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகிறது, தள்ளுபடியும் திரும்பி வந்த சரக்கும் போக நிகர வருவாய் எவ்வளவு என்று காட்டுவது என் வேலை. அவர் பக்கத்து மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். நான் திருச்சியிலிருந்து வந்தவன். ஏறக்குறைய ஒரே வயது. பன்னிரண்டு வருடம் சண்டை போட்டோம்.

அவர் மின்னஞ்சல் அனுப்பவே மாட்டார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து எதிரே வந்து உட்காருவார். ஒருமுறை, வண்டியில் ஏறிய பிரெட் முழுவதையும் விற்பனையாகக் காட்டியிருந்தேன். திரும்பி வருவது அடுத்த மாதத்தில் கழிந்துவிடும் என்பது என் வாதம். "சாயங்காலம் கேட்டுல வந்து நில்லுங்க சார். போன வண்டி காலியா வருதான்னு பாருங்க" என்றார். நின்றேன். காலியாக வரவில்லை. மறுநாள் அறிக்கையைத் திருத்தினேன். அவர் சொன்னது சரி என்று மட்டும் வாயால் சொல்லவில்லை.

பெரிய சண்டை, பிரெட் பிரிவை மூடும் பேச்சு வந்தபோது நடந்தது. என் அறிக்கைப்படி ஒரு பிரெட்டுக்கு ஆகும் செலவு அதில் வரும் நிகர வருவாயைவிட அதிகம். பதினான்கு பேரை நிறுத்திவிட முதலாளி முடிவு செய்திருந்தார். அன்றிலிருந்து கோமதி மேடம் தினமும் என் மேசையில் ஒரு ரஸ்க் பாக்கெட்டை வைக்க ஆரம்பித்தார்.

"இதுக்குள்ள இருக்கிற பிரெட்டுக்கு விலையே இல்லையா சார்?"

வளைந்தும் உடைந்தும் வரும் பிரெட் எங்களிடம் கடைக்குப் போகாது. அன்றே ரஸ்க் பிரிவுக்குப் போய்விடும். நூறு சுட்டால் பத்து அப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கான செலவையும் என் கணக்கு மீதித் தொண்ணூற்றின் தலையில் கட்டியது. ரஸ்குக்கு அந்தப் பத்தும் இலவசம்.

"எப்படிப் போட்டாலும் கம்பெனிக்கு மொத்தம் ஒண்ணுதானே மேடம்" என்றேன்.

"மொத்தம் மாறாது சார். யாரை வீட்டுக்கு அனுப்புறதுங்கிறது மாறும்ல?"

மூன்று வாரம் இதே பேச்சு. ஒருநாள் "உங்க வேலையைப் பாருங்க மேடம்" என்று கத்திவிட்டேன். அவர் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய நச்சரிப்பு தாங்காமல் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, 'ரஸ்குக்குப் போன பிரெட்' என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் செலவு பிரெட்டில் கழிந்து ரஸ்க்கில் ஏறியது. பிரெட் பிரிவு நஷ்டத்திலிருந்து மேலே வந்தது. மூடும் பேச்சு நின்றது. கூடவே, அதுவரை நல்ல லாபம் காட்டிய ரஸ்க் பிரிவு சுமாரான பிரிவாகிவிட்டது. அந்த லாபத்தை வைத்து அதன் பொறுப்பாளருக்கு வருடாவருடம் தந்த ஊக்கத்தொகை நின்றுபோனது. பொறுப்பாளர் கோமதி மேடம்தான்.

ரஸ்க் பிரிவுக்கே போய்க் கேட்டேன். "இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா மூணு வாரம் உங்ககிட்ட திட்டு வாங்கினேன்?"

"அப்புறம் ஏன் மேடம்?"

"அது எங்க லாபம் இல்ல சார். பக்கத்து அடுப்போடது."

எனக்கு அப்படியொரு கோபம். மகளின் படிப்புக்கு அவர் அந்தத் தொகையைத்தான் நம்பியிருந்தார். பிரெட் பிரிவில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன்.

"நக்கோ சார், வேண்டாம். தெரிஞ்சா என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுவாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சொன்னேன்.

துக்கத்துக்கு மல்காஜ்கிரி போனபோது, இதைப் படிக்கும் பிரெட் பிரிவுக்காரர்களே, அவர் வீட்டு வாசலில் நீங்களும் நின்றிருந்தீர்கள். "நல்லவங்கதான். ஆனா ரொம்பக் கறார். ஒரு வளைஞ்ச பிரெட்டைக்கூட விடாம எண்ணித்தான் வாங்குவாங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் எதற்காக எண்ணினார் என்பதை இப்போது தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் படிக்க வராதவர்களுக்கு மற்றவர்கள் சொல்லிவிடுங்கள்.

அந்த வரியை நான் எடுக்க விடவில்லை. புதிய மென்பொருளிலும் அதே பெயரில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

நீங்கள் சொன்னது சரி, மேடம். கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்காகவாவது சண்டைக்கு வாருங்கள். ஒன்றரை மணிக்கு டப்பாவைத் திறப்பேன்.